ஊசியும் பஞ்சும்

அறுவை சிகிச்சை வார்டில் அந்த இரண்டு நர்சுகளையும் யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒருத்தி ஊசி, இன்னொருத்தி பஞ்சு. ஊசி ஒல்லி. நரம்பே தென்படாத கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். பேச்சும் அப்படித்தான், நறுக்கென்று ஒரு வார்த்தை, அதோடு சரி. பஞ்சு பூசினாற்போல உடம்பு, உருண்டைக் கன்னம், வாய் மட்டும் ஓயவே ஓயாது. ஊசி குத்திவிட்டு நகர்ந்த கட்டிலில் பஞ்சு வந்து ஒட்டிக்கொள்வாள். "முதல்ல ஊசி வருது, பின்னாலேயே பஞ்சு வருது" என்று எப்போதோ ஒரு நோயாளி சிரித்துக்கொண்டே சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது. டாக்டர்கள்கூட, "என்ன, ஊசி மட்டும் தனியா வருது, பஞ்சு எங்க?" என்று கேட்பார்கள்.

நர்சிங் படிக்கும்போதே விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வேலைக்குச் சேர்ந்ததும் ஒரே வார்டு. டூட்டி மாற்றும் பெரிய சிஸ்டர் இருவரையும் பிரித்துப் போட்டுப் பார்த்து, ஒத்துவராமல், கடைசியில் கையைக் கட்டிக்கொண்டுவிட்டார்.

பஞ்சு யாரிடம்தான் பேசமாட்டாள்? சொட்டிக்கொண்டிருக்கும் ட்ரிப்ஸ் பாட்டிலிடம், "மெதுவாடி, ஓட்டப் பந்தயமா இது?" என்பாள். கிறீச்சிடும் ஸ்ட்ரெச்சர் சக்கரத்திடம், "உனக்கும் ஒரு நாள் ஆபரேஷன் இருக்கு" என்பாள். புண்ணைத் துடைத்துக் கட்டு மாற்றும்போது நோயாளிக்கு வலி தெரியக்கூடாதென்று கதை சொல்ல ஆரம்பிப்பாள். கட்டு முடிந்துவிடும், கதை முடியாது. "மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். கதைகளில் முக்கால்வாசி அவள் புருஷனைப் பற்றித்தான். அவர் பஸ் டிரைவர்.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது, "கொஞ்சம் உக்கார்றேன்" என்று உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேல்மாடி வார்டில் காலை மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே அவசரப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். என்னவென்று யாரும் சொல்லவில்லை. படியிறங்கும்போது அவளும் யாரையும் கேட்கவில்லை. திரையை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டது பாதங்கள்தான். ஈரத் துணி பட்டு நனைந்திருந்த, வெடிப்பு விழுந்த குதிகால்கள். எத்தனை தடவை அந்தக் குதிகாலுக்கு மருந்து வாங்கித் தந்திருப்பாள்!

"நான் பாத்துக்கறேன். நீங்கல்லாம் வெளிய இருங்க" என்றாள் ஊசி.

வெதுவெதுப்பான தண்ணீரில் அவளைத் துடைத்தாள். கைவிரல் இடுக்குகளைத் துடைத்தாள். தலைமுடியை வாரி, அவளுக்குப் பிடித்த மாதிரி காதோரம் கொஞ்சம் தளர்த்திப் பின்னினாள். துடைக்கத் துடைக்க, இப்போது ஏதாவது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று காது காத்துக்கொண்டே இருந்தது. "கை ஜில்லுனு இருக்குடி, சூடு பண்ணிக்கிட்டு வா" என்று ஒரு வார்த்தை. அறை அமைதியாக இருந்தது. வேலையை முடித்து வெள்ளைத் துணியை இழுத்துவிட்டு, ஊசி மாடியேறிப் போய் மிச்சமிருந்த கட்டில்களுக்கு மருந்து கொடுத்தாள். அழவில்லை. அழுகை வரவேயில்லை. கடைசிக் காரியங்களின்போதும் கூட்டத்தோடு ஓரமாக நின்றுவிட்டு வந்துவிட்டாள். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. போனால் என்ன பேசுவது? பேசுகிறவள் அல்லவா போய்விட்டாள்.

அதற்குப் பிந்திய நாட்கள் அவளுக்கு ஏதோ தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் கழிந்தன. முக்கியமாக மதியங்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து, வார்டு முழுக்கக் கண்ணசந்து கிடக்கும். ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல் உப்பும், தணியும். வெளிச்சம் தரையில் மெல்ல ஊர்ந்து கட்டில் கால்களைத் தொடும். அந்த நேரத்தில் ஊசிக்கு, வார்டின் அந்தக் கோடியில், திரைக்கு அந்தப் பக்கம், பஞ்சு யாருக்கோ கட்டு மாற்றிக்கொண்டு தணிந்த குரலில் கதை சொல்லிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். வார்த்தை புரியாது, அந்த ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். போய்ப் பார்க்க மாட்டாள். போனால் நின்றுவிடும் என்று தெரியும். அதனால் இந்தக் கோடியிலேயே நின்று மருந்துக் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

இந்த மயக்கத்தில் தன் உடம்பையும் மறந்துவிட்டாள். அவளுக்குப் பித்தப்பையில் கல் இருந்தது. நெடுநாளாகவே தெரியும். பஞ்சு உயிரோடு இருந்தவரை நச்சரித்துக்கொண்டே இருப்பாள்: "அந்தக் கல்லை எதுக்குடி வயித்துல வெச்சு வளக்கிற? பெருசானதும் மோதிரத்துல பதிச்சுப் போட்டுக்கப் போறியா?" ஊசி, "பாக்கலாம்" என்பாள். இப்போது கேட்பாரில்லை. ஒரு நாள் காலையில் ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தவள் வலி தாங்காமல் கட்டில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். நோயாளி எழுந்து மணியடித்தார்.

பெரிய சிஸ்டர் ஓடி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே, "இன்னிக்கே ஆபரேஷன். ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார்.

"நான் எப்ப பேசினேன்?" என்றாள் ஊசி, பல்லைக் கடித்துக்கொண்டு.

வருஷக்கணக்காக மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போன அதே வழியில் இப்போது அவளை மல்லாக்கப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூரையை அவள் அதுவரை பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைச் சதுரங்கள், ஒன்றில் பழுப்பாக ஒரு நீர்க்கறை, மேகம் மாதிரி. மயக்க டாக்டர் மூக்கில் மூடியை வைத்து, "நல்லா மூச்சு இழுங்க சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா?" என்றார். இழுத்தாள். மேகம் நகர்ந்தது.

அவள் துணி அறையில் இருந்தாள். வார்டுக்குப் பின்னால், சலவையிலிருந்து வந்த விரிப்புகளை அடுக்கிவைக்கும் சின்ன அறை. கஞ்சி வாசனையும் இளஞ்சூடும். சின்ன ஜன்னல் வழியாக வெயில் தூசியோடு சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. எதிரே பஞ்சு. சீருடையின் மேல் பொத்தான் வழக்கம்போல் போடாமல். இருவர் கையிலும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகள். மடிக்க வேண்டும். ஊசி முன்னால் நடந்தாள், பஞ்சும் நடந்தாள், நடுவில் வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். விரல்கள் தொட்டுக்கொண்டன. பஞ்சுவின் விரல் சூடாக இருந்தது. மறுபடி விலகினால் விரிப்பு பழையபடி நீளமாகவே இருந்தது. மறுபடி நடந்து, மறுபடி தொட்டு, மறுபடி விலகி. அந்த விரிப்புக்கு முடிவே இல்லை. இருவருக்கும் அவசரமும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பேசியது ஊசிதான். வாழ்நாளில் பேசாததையெல்லாம் பேசினாள். புதுசாக வந்திருக்கும் வாத்தியாரம்மா தூக்கத்தில் வருகைப் பதிவு எடுக்கிறார் என்றாள். நீ போனதிலிருந்து டீ கசக்கிறது, அதே டீதான், ஆனாலும் கசக்கிறது என்றாள். உன் செருப்பு இன்னும் அலமாரிக்குக் கீழேதான் கிடக்கிறது, எடுக்க மனசு வரவில்லை, கூட்டுகிறவளிடம் சண்டை போட்டு வைத்திருக்கிறேன் என்றாள். பஞ்சு கேட்டுக்கொண்டே நடந்தாள். தலையை மட்டும் அசைத்தாள். சிரிப்பு கண்ணிலேயே நின்றது. ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏன்டி, கோபமா? ஏதாவது சொல்லேன்" என்றாள் ஊசி.

பஞ்சு விரிப்பின் முனையை அவள் கையில் பத்திரமாகக் கொடுத்தாள். விரலை மடக்கிவிட்டாள். அவ்வளவுதான்.

"கண்ணைத் திற. ஆபரேஷன் முடிஞ்சுது. கண்ணைத் திறம்மா" என்று எங்கோ மேலேயிருந்து பெரிய சிஸ்டரின் குரல் கேட்டது. ஊசி கண்ணைத் திறந்தாள். தொண்டை வறண்டு எரிந்தது.

"அவ பேசவே இல்ல" என்றாள்.

"யாரு?"

"பஞ்சு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

மயக்கத்திலிருந்து எழுகிறவர்கள் ஏதேதோ சொல்வார்கள், எல்லாவற்றுக்கும் "ஆமா ஆமா" என்று சொல்லிவிட்டு நாடி பார்ப்பதுதான் வழக்கம். பெரிய சிஸ்டரும் ஆமா சொல்லத்தான் வாயெடுத்தார். சொல்ல முடியாமல் திரும்பிக்கொண்டு ட்ரிப்ஸைச் சரிபார்த்தார்.

ஊசியை அவளுடைய வார்டிலேயே, ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். அவள் தங்கச்சி, தையல் கடை வைத்திருப்பவள், வந்து பார்த்துவிட்டு மாற்றுத் துணி வைத்துவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டிலில் காலில் ஆறாத புண்ணோடு ரொம்ப நாளாகக் கிடக்கும் ஒரு அம்மா. முன்பு கல்யாண மண்டபத்தில் சமையல் செய்தவராம். வார்டில் எல்லாரும் சமையலம்மா என்பார்கள். வலியைவிட ஊசியை அப்போது அரித்தது அந்தக் கனவுதான். இத்தனை வருஷம் காது புளிக்கப் பேசியவள், கடைசியாக வந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லையே. என்ன குறை வைத்தேன்?

மறுநாள் மாலை பார்வை நேரத்தில் பஞ்சுவின் புருஷன் வந்தார். டிரைவர் உடுப்பிலேயே வந்திருந்தார். ஒரு பையில் ஆரஞ்சுப் பழம். கதவருகிலேயே நின்று தயங்கினார். உயரமான மனுஷன், அந்த வாசலுக்குள் தன்னை எப்படி மடித்து நுழைப்பது என்று தெரியாதவர்போல் நின்றார்.

"வாங்கண்ணே" என்றாள் ஊசி.

"உடம்பு எப்படி இருக்கும்மா? இப்பதான் கேள்விப்பட்டேன்." ஸ்டூலில் உட்கார்ந்தார். பழப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டில் சமையலம்மா தலையைத் தூக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தார். உடுப்பைப் பார்த்தார். பஞ்சு கதையில் கேட்டிருந்த நெற்றித் தழும்பைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க பஸ் ஓட்டுறவரா?"

"ஆமாங்க."

"பஞ்சு சிஸ்டர் வீட்டுக்காரரா?"

"ஆமாங்க."

"அடடே! வாத்துக்காரரா நீங்க!" என்று சமையலம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "ஏய், எல்லாரும் இங்க பாருங்க. அந்த வாத்துக்காரர் வந்திருக்கார்!"

எதிர்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. கைத்தடியோடு நடை பழகிக்கொண்டிருந்த ஒருத்தி, போகிற வழியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். டிரைவர் ஊசியைப் பார்த்தார். "என்னம்மா வாத்து?"

"ஏன் தம்பி ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறீங்க?" என்றார் சமையலம்மா. "மழை பெய்யுது. ரோட்டுக்குக் குறுக்கே வாத்துக் கூட்டம். பின்னால வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குது. நீங்க பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கி, ரெண்டு கையையும் விரிச்சு நிக்கறீங்க, பெரிய ராஜா மாதிரி. வாத்தெல்லாம் வரிசையாப் போகுது. கடைசிக் குஞ்சு மட்டும் போகமாட்டேங்குது. அதைத் தொப்பிக்குள்ள எடுத்து வெச்சுக்கிட்டு, அது அம்மாகிட்ட கொண்டுபோய் விடறீங்க. அப்புறம் தொப்பியைத் தலையில போட்டுக்கறீங்க. அதுல பாருங்க..." சிரிப்பில் அவருக்கு மேலே பேச வரவில்லை. கைத்தடிக்காரி முடித்தாள்: "குஞ்சு தொப்பிக்குள்ள கக்கா போயிட்டுப் போயிருக்கு!"

வார்டே சிரித்தது. ஊசிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கும் என்று தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா," என்றார் ஊசியிடம், ரொம்பத் தணிந்து. "நான் அவகிட்ட சொன்னது ஒரே வரி. சாப்பிடும்போது. 'இன்னிக்கு வாத்து குறுக்க வந்துச்சு, லேட்டாயிடுச்சு'ன்னேன். அவ 'உம்'னா. அவ்வளவுதான். எனக்குத் தொப்பியே கிடையாது."

"வேற என்னென்ன சொன்னா?" என்று அவரே கேட்டார். ஊசி தலையணையைப் பிடித்தபடி யோசித்தாள். கதை சொல்ல அவளுக்கு வராது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கண்டக்டரோடு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் ஜாடையிலேயே பஸ் ஓட்டியது. குளிக்கும்போது ஒரே பாட்டின் ஒரே வரியைத் தப்பாகவே பாடுவது. மகள் பிறந்த அன்று பயத்தில் வேறொருவரின் அறைக்குள் புகுந்து, வேறொருவரின் குழந்தையைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டது. ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் விட்ட இடத்தைச் சமையலம்மா பிடித்துக்கொண்டார், அவர் விட்டதைக் கைத்தடிக்காரி. பஞ்சுவின் புருஷன் ஒவ்வொன்றுக்கும், "இது நடந்துச்சு... இது இல்லவே இல்ல... இது பாதி" என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"வீட்டுல அவ பேசமாட்டாம்மா," என்றார் கடைசியில். "டூட்டி முடிஞ்சு வந்தா, காலை நீட்டிச் சுவத்துல சாஞ்சு உக்காருவா. நான் பக்கத்துல உக்காருவேன். விளக்கு வெக்கிற வரைக்கும் அப்படியே. நான் ஏதாவது கேட்டா, 'பேசற இடத்துல பேசிட்டு வந்தாச்சு, இங்கதான் எனக்குப் பேசாம இருக்க முடியுது'ம்பா. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் வருத்தம்தான். நம்மகிட்ட பேச அவளுக்கு ஒண்ணும் இல்லபோல, நம்மள நெனைக்கிறதே இல்லபோலன்னு. இங்க என்னடான்னா..." கையால் வார்டைச் சுற்றிக் காட்டினார்.

ஊசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி அறையின் இளஞ்சூடு மறுபடி உடம்பில் ஏறுவதுபோல் இருந்தது. காலை நீட்டிச் சாய்ந்து, பேசாமல், கண்ணால் மட்டும் சிரித்துக்கொண்டு.

"அண்ணே," என்றாள். "மயக்கத்துல அவ வந்தா. ஒண்ணுமே பேசல. எனக்கு அதுல கோபம்."

அவர் மடியிலிருந்த பழப் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். பிறகு, "அப்ப வீட்டுல இருக்கிற மாதிரி இருந்திருக்கா" என்றார்.

அப்போதுதான் ஊசிக்கு அழுகை வந்தது. வந்தது என்று சொன்னால் போதாது, மடை திறந்துகொண்டது. தையல் இழுக்க இழுக்க, தலையணையைக் கட்டிக்கொண்டு, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதாள். பெரிய சிஸ்டர் ஓடி வந்து, "வலியா? வலிக்கு ஊசி போடட்டுமா?" என்றார். சமையலம்மா, "விடுங்க சிஸ்டர், ஊசிக்கே ஊசியா?" என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்து, எது எதுவென்று தெரியாமல் ஆனது. அவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, அவளுக்கும் பக்கத்துக் கட்டில்களுக்கும் கொடுத்துவிட்டு, பார்வை நேரம் முடிந்த மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்துவிட்டுப் போனார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் மகளையும் கூட்டி வந்தார். கல்லூரியில் படிக்கிற பெண், அம்மாவின் கன்னம். அவளுக்குத் தன் அம்மா இவ்வளவு பேசுவாள் என்பதே நம்ப முடியாததாக இருந்தது. "எங்கம்மாவா? எங்கம்மாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சமையலம்மாவுக்கு அந்த வாரம் முழுக்க ஒரே கொண்டாட்டம். கட்டு மாற்றும்போதுகூட முனகவில்லை.

ஊசி வீட்டுக்குப் போய், தையல் பிரித்து, கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்குக் கிளம்பினாள். மகள் கதவைத் திறந்து, "வாங்கத்தை" என்றாள். அதற்கு முன்பெல்லாம் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். ஊசி அதைக் கவனித்தாள்.

கூடத்தில் சுவரோரம் பாய் விரித்திருந்தது. அவர் ஒரு பக்கம் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் புத்தகத்தோடு மறுபடி குப்புறப் படுத்துக்கொண்டாள். ஊசி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள். உள்ளே எங்கோ குழாய் சொட்டியது. தெருவில் ஒரு சைக்கிள் மணி வந்து, தேய்ந்து, போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் சிவப்பாகி, சாம்பலாகி, காய் நறுக்கும் சத்தம் மட்டும் அதன் நடுவே சீராகப் போய்க்கொண்டிருந்தது. கண் தானாகச் செருகியது. அவள் அதைத் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அப்பா, அத்தை தூங்கிட்டாங்க. எழுப்பட்டுமா?"

"வேணாம். அரிசி கொஞ்சம் கூடப் போடு" என்றார் அவர்.